நெற்றிக்கண்ணும் எக்ஸ்ரே கண்ணும்

சேரன்மகாதேவி பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு டீக்கடை. காலை நேரம். ஒரு பையன் தன் கைபேசியைப் பெரியவர் ஒருவரிடம் நீட்டுகிறான்.

"அண்ணாச்சி, இதைப் பாத்தியளா? நம்ம நாட்டுல ரகசியமா ஒரு கதிர் செஞ்சு வச்சிருக்காவளாம். 'காளி'ன்னு பேராம். எக்ஸ்ரே லேசராம். எதிரி ஏவுகணை வந்தா வானத்துலயே உருக்கிருமாம்!"

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார்.

"இருக்கும்டே. சிவபெருமான் நெத்திக்கண்ணைத் தொறந்து மன்மதனை எரிக்கலையா? அதைத்தான் நம்ம ஆளுவ இப்பக் கண்டுபிடிச்சிருப்பாவ."

இந்தப் பேச்சு சேரன்மகாதேவியில் மட்டும் நடக்கவில்லை. ஊருக்கு ஊர் நடக்கிறது. கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் எல்லோரும் நம்புகிறார்கள்.

உண்மை என்ன?

'காளி' என்று ஒரு யந்திரம் உண்டு. பம்பாய் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் அது செய்யப்பட்டது. மின்னணுக்களைக் கொத்துக் கொத்தாக வேகப்படுத்தித் தள்ளும் யந்திரம் அது. அந்த மின்னணுக்களைக் கொண்டு எக்ஸ்ரேயும் உண்டாக்கலாம், நுண்ணலையும் உண்டாக்கலாம். ஆராய்ச்சிக்கு உதவும் கருவி. ஆனால் அது லேசர் அல்ல. வானத்தில் ஏவுகணையை உருக்கும் நெற்றிக்கண்ணும் அல்ல.

அப்படியானால் எக்ஸ்ரே லேசர் என்பதே பொய்யா? இல்லை. அது உண்மை. உலகத்தில் சில நாடுகளில் இன்றைக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளை விட அதன் உண்மை வரலாறு சுவையானது. அதில் நம் தாமிரபரணிக் கரைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

தேர் இழுப்பது போல

லேசர் என்றால் என்ன? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ" என்று சேர்ந்து இழுத்தால்? அவ்வளவு பெரிய தேர் புறப்பட்டுவிடுகிறது.

வெளிச்சமும் அப்படித்தான். வீட்டு விளக்கில் கோடானுகோடி அணுக்கள் ஒளி விடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு விடுகிறது. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப்போகிறது. அத்தனை அணுக்களையும் ஒரே தாளத்தில், ஒரே திசையில் ஒளி விடச் செய்தால் அதுதான் லேசர். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு வேரான கருத்தை 1917-ல் ஐன்ஸ்டீன் சொன்னார். அதைச் செய்து காட்ட 43 ஆண்டுகள் ஆயின. 1960-ம் ஆண்டு மே 16-ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியாவில், மைமன் என்பவர் ஒரு மாணிக்கக் கல் துண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார்.

எக்ஸ்ரே அதற்கும் முந்தியது. 1895 நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியில் ராண்ட்கன் கண்டுபிடித்தார். தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. உலகம் அசந்துபோயிற்று.

சரி, லேசரும் இருக்கிறது, எக்ஸ்ரேயும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எக்ஸ்ரே லேசர் ஆகிவிடாதா? அங்கேதான் சிக்கல். சாதாரண லேசரில் இரு முனையிலும் கண்ணாடி வைத்து ஒளியைப் போகவும் வரவும் விட்டுப் பெருக்குவார்கள். எக்ஸ்ரேக்குக் கண்ணாடி ஒரு பொருட்டா? சதையை ஊடுருவுகிற கதிர், கண்ணாடியில் பட்டுத் திரும்பாமல் அதற்குள்ளேயே புகுந்துவிடும்! மேலும், எக்ஸ்ரே விடும் நிலைக்கு அணுவைத் தூண்டப் பிரமாண்டமான சக்தி வேண்டும். தூண்டினாலும் கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு கூட அது அந்த நிலையில் நிற்காது.

கதை முந்திக்கொண்டது

விஞ்ஞானி திணறிக்கொண்டிருந்தபோது கதாசிரியன் சும்மா இருப்பானா? 1898-ல் இங்கிலாந்தில் எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையில், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர்கள் வெப்பக் கதிரை வீசி ஊர்களைக் கொளுத்தினார்கள். ரஷ்யாவில் அலெக்சி டால்ஸ்டாய் என்ற எழுத்தாளர், கதிர் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆளத் துடிக்கும் இன்ஜினீயர் காரின் என்பவனின் கதையை எழுதினார். லேசர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி!

ஜேம்ஸ் பாண்ட் கதை ஒன்றில் இன்னும் வேடிக்கை. 1959-ல் புத்தகமாக வந்தபோது, கட்டிப்போட்ட பாண்டை நோக்கி வந்தது மரம் அறுக்கும் ரம்பம். 1964-ல் அதே கதை 'கோல்டு பிங்கர்' என்று படமாக வந்தபோது ரம்பம் போய் லேசர் வந்துவிட்டது. நடுவில் 1960-ல் லேசர் பிறந்துவிட்டதல்லவா! 1963-ல் எக்ஸ்ரே கண் படைத்த மனிதனைப் பற்றியும் அமெரிக்காவில் ஒரு படம் வந்தது. அதே 1963-ல் நம் தமிழில் 'கலை அரசி' வந்தது. வேறு கிரகத்துக்காரர்கள் விண்கலத்தில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொல்வதற்கு அல்ல, பாட்டுச் சொல்லிக்கொடுக்க! கதிர் வீசி எரிப்பதை விட அது நல்ல யோசனையாகவே நமக்குப் படுகிறது.

கதை கதையாக இருக்கும் வரை கெடுதல் இல்லை. நெற்றிக்கண் கதையை நாம் குறை சொல்ல வரவில்லை. கோபம் எதையெல்லாம் எரிக்கும் என்று சொல்ல வந்த கதை அது. அதை யந்திரத்தின் வரைபடமாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. நம் ஊரில் 'அரிசியை இழுக்கும் கலசம்', 'இரிடியம்' என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றியவர்களைப் போலீசார் பிடித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கேயும் மோசடிக்காரனின் முதல் வார்த்தை 'விஞ்ஞானம்' என்பதுதான்!

நாம் மட்டும்தான் ஏமாறுகிறோம் என்று எண்ணவேண்டாம். வல்லரசே ஏமாந்த கதை ஒன்று உண்டு.

வெடிகுண்டால் ஒரு லேசர்

1983-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி ரீகன் தொலைக்காட்சியில் பேசினார். அணு ஆயுதங்களைப் பயனற்றதாக்கும் கவசம் ஒன்றை உருவாக்குங்கள் என்று விஞ்ஞானிகளை அழைத்தார். அப்போது பலர் மனதில் இருந்த ஆயுதங்களில் ஒன்று எக்ஸ்ரே லேசர்.

அது எப்படிப்பட்ட யந்திரம் தெரியுமா? ஒரு அணுகுண்டு. அதைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பிகள். குண்டு வெடிக்கும்போது முதலில் எக்ஸ்ரே வெள்ளமாகப் பாயும். அது கம்பிகளைத் தூண்டும். கம்பிகள் ஆவியாகி அழிவதற்கு முந்திய கணத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு எக்ஸ்ரே லேசர் கதிரை வீசும். ஒவ்வொரு கதிரும் ஒரு ரஷ்ய ஏவுகணையை வீழ்த்தும். இதுதான் திட்டம். 'எக்ஸ்காலிபர்' என்று பெயர். ஆங்கிலேயர் புராணத்தில் ஆர்தர் ராஜாவின் மந்திரவாள்!

கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஆயுத ஆராய்ச்சிக்கூடத்தில் பீட்டர் ஹேகல்ஸ்டைன் என்ற இளைஞர் இதற்கான கணக்குகளைப் போட்டார். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் எக்ஸ்ரே லேசர் உதவும் என்ற கனவோடு இந்த வேலையில் இறங்கியவர் அவர். நெவாடா பாலைவனத்தில் பூமிக்கு அடியில் குண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். கதிர் வந்ததாகத் தோன்றியது. ஹைட்ரஜன் குண்டின் தந்தை என்று பெயர் பெற்ற எட்வர்ட் டெல்லர், வேலை வெகுதூரம் முன்னேறிவிட்டது என்று ஜனாதிபதியின் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினார்.

உண்மையில் அப்படி முன்னேறவில்லை. அளக்கும் கருவியிலேயே கோளாறு இருந்தது. அந்தக் கருவி தானே பொய் ஒளி காட்டியது. ஆயுத ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ராய் உட்ரஃப் என்பவர், "டெல்லர் சொல்வது மிகை" என்றார். யாரும் கேட்கவில்லை. 1985-ல் அவர் அந்தப் பதவியை விட்டு விலகினார்.

1986 அக்டோபரில் ஐஸ்லாந்தில் ரீகனும் ரஷ்யத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்தார்கள். அணு ஆயுதங்களை அடியோடு ஒழித்துவிடலாமா என்று கூடப் பேசினார்கள். பேச்சு முறிந்தது. காரணம், விண்வெளிக் கவச ஆராய்ச்சியை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் கோர்பச்சேவ். ரீகன் மறுத்துவிட்டார். செய்து முடிக்கப்படாத ஒரு கவசத்துக்காக எப்பேர்ப்பட்ட வாய்ப்பு கை நழுவிற்று, பாருங்கள்! 1992-ல் அமெரிக்கா அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளை நிறுத்தியது. 1993-ல் கவசத் திட்டமே மூடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 3,000 கோடி டாலர் செலவாகியிருந்தது. ஒரு ஏவுகணையைக் கூட எக்ஸ்ரே லேசர் வீழ்த்தவில்லை.

அதே லிவர்மோரில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதையும் சொல்லவேண்டும். 1984-ல், குண்டு எதுவும் இல்லாமல், பெரிய சாதாரண லேசரால் செலினியம் பூசிய மெல்லிய தகட்டைத் தாக்கி, வீரியம் குறைந்த ஒரு எக்ஸ்ரே லேசரை உண்டாக்கினார்கள். அது உண்மையான லேசர். ஆனால் அணுவைப் பார்க்க அது போதாது.

கோபாலசமுத்திரத்துப் பெயர்

அணுவைப் பார்க்க எக்ஸ்ரே எதற்கு? பத்தமடைப் பாயைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். பட்டு போல இருக்கும். அதன் கோரை இழைகளை எண்ண வேண்டும் என்றால் உலக்கையால் தொட்டுப் பார்த்து எண்ண முடியுமா? ஊசிமுனை வேண்டும். நாம் கண்ணால் பார்க்கும் வெளிச்சம் அணுவுக்கு முன்னால் உலக்கை. அதன் அலை, அணுவை விட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அளவு அணு. எக்ஸ்ரேயின் அலையும் அதே அளவு. அதுதான் ஊசிமுனை.

அந்த ஊசிமுனையைக் கையில் எடுத்துச் சாதித்த ஒரு தமிழரைப் பற்றி இனிச் சொல்கிறோம். ஜி. என். ராமச்சந்திரன். முதல் எழுத்து கோபாலசமுத்திரம் என்ற ஊர்ப் பெயர். சேரன்மகாதேவி வட்டாரத்துக்காரர்களுக்குக் கோபாலசமுத்திரம் எங்கே என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மேலச்செவலைத் தாண்டினால் வந்துவிடும்.

ராமச்சந்திரன் பிறந்தது 1922-ல், எர்ணாகுளத்தில். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் போய்வந்தார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அப்போது வயது முப்பது கூட நிரம்பவில்லை!

சென்னைக்கு வந்த பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி, "கொலாஜன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை" என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். கொலாஜன் என்பது நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம். உடம்பு என்ற வீட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் கயிறு. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆராய்ச்சிக்குக் கொலாஜன் வேண்டுமே, எங்கே போவது? பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது! ஆஸ்திரேலியக் கங்காருவின் வால், சென்னையில் ஒரு எக்ஸ்ரே குழாய்க்கு முன்னால் வந்து நின்றது. எடுத்த படத்தில் தெரிந்தவை சில மங்கலான புள்ளிகளும் வளைவுகளும்தான். மற்றதெல்லாம் மூளை வேலை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லிலும் 1955-லிலும் விடையை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் திரிக்கிறார்களே, முப்புரிக் கயிறு, அதே போல!

கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக்கும் ரிச்சும், "இதில் அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, அப்படி இருக்க முடியாது" என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். வேறொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராமச்சந்திரன் என்ன செய்தார்? அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டிக் கணக்கெடுத்தார். அதிலிருந்து, ஒரு புரத இழை எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தெந்தக் கோணத்தில் மடங்கவே முடியாது என்று காட்டும் ஒரு வரைபடம் பிறந்தது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து 1963-ல் அதை வெளியிட்டார். இன்றைக்கு உலகத்தில் யார் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், சரிதானா என்று 'ராமச்சந்திரன் படத்தில்' வைத்துப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே லேசரால் கண்ட புரதத்துக்கும் அதே பரீட்சைதான்!

1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கட்டி எழுப்பும் கணக்கு முறை ஒன்றையும் வெளியிட்டார். ஆஸ்பத்திரிகளில் 'ஸ்கேன்' எடுக்கிறார்களே, அந்தத் துறைக்குப் பயன்பட்ட வேலை அது. 2001-ல் சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

வெடிக்கும் முன் ஒரு படம்

ராமச்சந்திரன் காலத்தில் ஒரு படத்துக்கு எக்ஸ்ரேயை மணிக்கணக்கில் பாய்ச்ச வேண்டும். பிறகு வட்ட வடிவ யந்திரங்கள் வந்தன. மின்னணுக்களைச் சுற்றி ஓட விட்டுப் பிரகாசமான எக்ஸ்ரே எடுப்பார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அப்படிப்பட்ட யந்திரங்களின் துணையோடுதான் உயிரணுவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமைப் படம் பிடித்து, 2009-ல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 2009-ம் ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில், அணுவைப் பார்க்கும் வல்லமை படைத்த முதல் எக்ஸ்ரே லேசர் ஒளிர்ந்தது. குண்டு இல்லை. கண்ணாடியும் இல்லை. ஒரு கிலோமீட்டர் தூரம் மின்னணுக்களை விரட்டி, ஏறக்குறைய வெளிச்சத்தின் வேகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி அடுக்கிய காந்த வரிசைக்கு நடுவே விடுகிறார்கள். மின்னணுக்கள் பாம்பு போல நெளிந்து ஓடுகின்றன. நெளியும்போது எக்ஸ்ரே விடுகின்றன. அந்த எக்ஸ்ரேயே மின்னணுக்களைத் தட்டித் தட்டி வரிசையில் நிறுத்துகிறது. வரிசை கூடக் கூட, எல்லாம் ஒரே தாளத்தில் ஒளி விடுகின்றன. தேர் நகரத் தொடங்கியதும் வடம் பிடித்தவர்களின் கால்கள் தாமாக ஒரே அடி வைப்பதில்லையா? அதுதான்!

இந்தக் கதிர் பட்டால் எந்தப் பொருளும் சிதறிவிடும். அப்புறம் எதைப் படம் எடுப்பது? இங்கேதான் விஞ்ஞானிகளின் சாமர்த்தியம். கதிரின் துடிப்பு ஒரு நொடியின் மிக மிகச் சிறிய பங்கு நேரமே இருக்கும். அந்த அளவுகோலின் ஒரு துளியை ஒரு நொடியாக நீட்டினால், உண்மையான ஒரு நொடி 3 கோடி ஆண்டுக்கு மேல் நீளும்! பொருள் சிதறத் தொடங்குவதற்கு முன்னாலேயே படம் எடுத்தாகிவிடும்.

2011-ல் ஜப்பானும், பிறகு தென்கொரியாவும் ஸ்விட்சர்லாந்தும் இதைக் கட்டின. 2017 செப்டம்பரில் ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே பெரியது ஒன்று திறக்கப்பட்டது. பூமிக்கடியில் 3.4 கிலோமீட்டர். நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நொடிக்கு 27,000 துடிப்பு. பல நாடுகள் சேர்ந்து நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டுக் கட்டியது.

இதனால் சேரன்மகாதேவிக் குடும்பத்துக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி. காச நோய்க் கிருமியிடம் ஒரு புரதம் இருக்கிறது. நாம் கொடுக்கும் ஒரு வகை மருந்தை அது வெட்டிப் போட்டுவிடும். அந்த வெட்டு எப்படி விழுகிறது என்பதை எக்ஸ்ரே லேசரால் கட்டம் கட்டமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். கத்தி எப்படிப் பாய்கிறது என்று தெரிந்தால் கேடயம் செய்யலாம் அல்லவா?

நமக்கும் ஒன்று வேண்டுமா?

ஸ்டான்போர்டிலும் ஹாம்பர்க்கிலும் உள்ளதைப் போன்ற எக்ஸ்ரே லேசர் நம் நாட்டில் இல்லை. இந்தூரில் 'இண்டஸ்-2' என்ற வட்ட யந்திரம் இருக்கிறது. 2005 முதல் ஓடுகிறது. எக்ஸ்ரே தருகிறது, ஆனால் லேசர் அல்ல.

"பல ஊர்களில் சாதாரண எக்ஸ்ரே எடுக்கவே பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கிறது. இதில் எக்ஸ்ரே லேசரா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது தப்பில்லை. காச நோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வசதி ஒவ்வொரு ஊருக்கும் எட்டவேண்டும். அது முதல் கடமை. அதற்காக இரண்டாவது கூடாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். 1952-ல் நாடு இன்னும் ஏழையாக இருந்தது. அப்போது கங்காரு வாலுக்கு எக்ஸ்ரே எதற்கு என்று கேட்டிருந்தால் ராமச்சந்திரன் படம் நமக்குக் கிடைத்திருக்காது.

ஒரு நிபந்தனை உண்டு. கட்டுகிறவர்கள், இது ஏவுகணையை எரிக்கும், எதிரியைப் பொசுக்கும் என்று ஆசை காட்டிப் பணம் கேட்கக்கூடாது. இது அணுவைப் பார்க்கும் கண், பலன் வர நாளாகும் என்று ஜனங்களிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்கட்டும். ஜனங்கள் கொடுப்பார்கள். அதுவரை இந்தூர் யந்திரத்தை நம் தென்கோடிக் கல்லூரிப் பிள்ளைகளும் பயன்படுத்த வழி செய்யவேண்டும். திருநெல்வேலிப் பிள்ளைக்கு இந்தூர் போய்வர ரயில் செலவும் தங்க இடமும் கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய காரியம் அல்ல.

டீக்கடைப் பையனுக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. சேரன்மகாதேவியைச் சுற்றி வயல்கள். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். வெயில் ஏறும்போது ஒவ்வொரு நெல் இலையும் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. நாம் மூச்சு விடுவது அதனால்தான். இலை இதை எப்படிச் செய்கிறது? பாசியிலும் இதே வேலையைச் செய்யும் இதே மாதிரிப் புரதம் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் விட்டல் யாச்சந்திரா, ஜுன்கோ யானோ, யான் கெர்ன் ஆகியோரின் குழு அந்தப் பாசிப் புரதத்தின் மேல் எக்ஸ்ரே லேசரைப் பாய்ச்சி, ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து வருகிறது. 2023-ல் அவர்கள் வெளியிட்டவை, ஆக்சிஜன் பிறப்பதற்குச் சற்று முந்திய நிலைகளின் படங்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேரும் அந்தக் கடைசி இமைப்பொழுதை இன்னும் முழுதாகப் பிடித்து முடிக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது.